அப்பாகிட்ட சொல்லு

மருந்துக்கடையிலிருந்து மத்தியானமே திரும்பி வந்த மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "ரெண்டு பேரும் கிச்சனுக்குள்ள போயிடுங்க. நான் என் ரூமுக்குப் போற வரைக்கும் வெளிய வராதீங்க" என்றாள். அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத அந்தச் சமையலறைக்குள் இருவரும் ஒன்றாகப் போய் நின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அம்மா அடுப்பைப் பார்த்து நின்றாள். அப்பா குழாயைப் பார்த்து நின்றார். ஹாலைக் கடந்துபோகும் காலடிச் சத்தமும் அறைக்கதவின் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன. "கடைல கூட நிக்கிறவனுக்கு வந்திருக்கு. எனக்கும் காலைல இருந்து உடம்பு சுடுது. டெஸ்ட் குடுத்துட்டு வந்திருக்கேன். இனிமே யாரும் இந்தக் கதவைத் தொடாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவளுக்குத் தந்தி என்று பெயர் வைத்தவர் தாய்மாமன். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலிருந்தே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஓடி ஓடிச் செய்தி சொன்னவள் அவள். ஏனென்றால் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போடுவதென்றால்கூட நாலு வார்த்தை பேசியாக வேண்டுமே. ஒருநாள் அம்மா பேச்சை நிறுத்தினாள். நீயா நானா பார்த்துவிடலாம் என்று அப்பாவும் தன் பங்குக்கு நிறுத்தினார். ஏன் என்று தந்திக்கு இன்றுவரை தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஒரே பைக்கில் போய் வந்துகொண்டு, வாயை மட்டும் திறக்காமல் குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? அந்தச் சாமர்த்தியத்தில் பெரும்பங்கு தந்தியுடையது.

"அப்பாகிட்ட சொல்லு" என்றுதான் அம்மாவின் பேச்சு ஆரம்பிக்கும். "அப்பாகிட்ட சொல்லு, ஈரத்துண்டை இன்னொரு தடவை மெத்தை மேல போட்டா மெத்தையோட சேர்த்து அவரையும் மொட்டை மாடில காயப்போடுவேன்னு." தந்தி ஹாலுக்கு வந்து, "அப்பா, துண்டைக் கொடியில போடணுமாம்" என்பாள். அப்பா கை கழுவிக்கொண்டே, "உங்கம்மாகிட்ட கேளு, வீட்ல உப்பு தீர்ந்துபோச்சா, இல்ல உப்பு போட்டுத் தின்னா எனக்கு ரோஷம் வந்துரும்னு பயமான்னு" என்பார். தந்தி உள்ளே போய், "உப்பு மட்டும் கொஞ்சம் கம்மியாம்மா. மத்தபடி நல்லா இருந்துதாம்" என்பாள். அந்த 'மத்தபடி' அவளுடைய சொந்தச் சரக்கு. அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்குப் பூராவும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். இப்படியே போய்ப் போய், மகள் கைபட்டு வந்த கணவனோடுதான் அம்மா வாழ்ந்துகொண்டிருந்தாள். அவருக்கும் அப்படித்தான். வருகிற வரனையெல்லாம் தட்டிக்கழிக்கும்போது, "நான் போயிட்டா உங்க படத்துக்கு சப்டைட்டில் யாரு போடுவா?" என்று தந்தி சிரித்துக்கொண்டே கேட்பாள். கூடச் சிரிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

டெஸ்ட்டில் நோய் இருப்பதாக வந்தது. அவள் அறைக்குள்ளேயே பாத்ரூம் இருந்தது ஒரு புண்ணியம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆபீஸ்களெல்லாம் மூடிக் கிடந்ததால் லிஃப்ட்டுகளும் நின்ற இடத்தில் நின்றன, அவரும் வீட்டில் இருந்தார். சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்த அம்மா, கம்பெனி மூடியதிலிருந்து வீட்டிலேயே மாஸ்க் தைத்தாள். அறைவாசலில் ஒரு ஸ்டூல் போட்டு அதில் சாப்பாட்டை வைத்துவிட்டு அம்மா கதவைத் தட்டிவிட்டு விலகிக்கொள்வாள். கதவு கொஞ்சம் திறக்கும், ஒரு கை வரும், தட்டு உள்ளே போகும். அந்தக் கையைப் பார்ப்பதற்காக இருவரும் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள்.

செய்திப் போக்குவரத்து மட்டும் நிற்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து மகளுக்கு போன் செய்து, "அப்பாகிட்ட சொல்லு, சிலிண்டர் புக் பண்ணணும்" என்பாள். அடுத்த நிமிஷம் ஹாலில் அப்பாவின் போன் அடிக்கும். அம்மாவுக்கும் அது அடிப்பது கேட்கும். அவர் "சரி, பண்ணிட்டேன்னு சொல்லிரு" என்பதும் கேட்கும். இருந்தாலும் தன் போன் அடித்து, "பண்ணிட்டாராம்மா" என்று மகள் சொன்ன பிறகுதான் அம்மா அடுத்த வேலையைப் பார்ப்பாள். இதைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால் இருவருக்கும் பொல்லாத கோபம் வந்திருக்கும்.

விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவியைக் கடையிலிருந்தே தந்தி கொண்டுவந்திருந்தாள். முதல் சில நாட்கள் காய்ச்சல், இருமல், உடம்புவலி. பிறகு காய்ச்சல் இறங்கியது. காய்ச்சல் இறங்கினால் பாதி ஆபத்து போனது என்று அம்மா நினைத்தாள். அதற்குப் பிறகுதான் தந்தி அந்தக் காரியத்தைச் செய்ய ஆரம்பித்தாள். அவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை. அம்மாவிடம் எண்ணை மட்டும் சொன்னாள்: தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று இரண்டு. ஒரு காலத்தில் மகளின் பரீட்சை மார்க்குகளைக் கேட்டுப் பழகிய காது அது. தொண்ணூறுக்கு மேலே என்றால் அதில் என்ன கவலை? "மூச்சு எப்படிடி இருக்கு?" என்று அம்மா கேட்டால், "அதெல்லாம் அப்பாகிட்ட விவரமா சொல்லியிருக்கேன்மா" என்பாள். அப்பாவிடம் உடம்பைப் பற்றி மட்டும் சொன்னாள்: பாத்ரூம் வரை போய் வந்தால் மூச்சு வாங்குகிறது, பேசினால் களைப்பாக இருக்கிறது. ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். எண் எவ்வளவுக்குக் கீழே போனால் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "நம்பர் என்னம்மா காட்டுது?" என்று அவர் கேட்டால், "அம்மாகிட்ட சொல்லிட்டேன்பா" என்று பதில் வரும். அம்மாவிடம் சொல்லிவிட்டாள் என்றால் அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்? அந்த வீட்டில் ஒரு விஷயத்தை அதைவிடப் பத்திரமாக ஒளித்துவைக்க வேறு இடமே கிடையாது.

அவளுக்குப் பயம். அதுதான் காரணம். ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்காக மூட்டையாக மாத்திரை வாங்கிப் போனவர்கள், அட்டையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்க வந்து நின்றதை அவள் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருந்தாள். அவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள், அவளும் கேட்க மாட்டாள். இன்னும் ஒரு நாள் பார்ப்போம், நாளைக்கு ஏறிவிடும் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுத்தவள்தான். பயம் வந்துவிட்டால் படித்தது, தெரிந்தது எதுவும் கைகொடுப்பதில்லை.

அன்று காலை ஸ்டூலில் வைத்த கஞ்சி ஆறி, மேலே ஏடு படிந்து அப்படியே இருந்தது. தூங்குகிறாள் என்று அம்மா நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லி அப்பாவிடம் சொல்வதற்காக மகளுக்கு போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். கதவுக்குப் பின்னால் போன் அடிப்பது இருவருக்கும் கேட்டது. அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, எதிர்ச்சுவரைப் பார்த்து, "போனை எடுக்கல" என்றாள்.

சுவரிடம்தான் சொன்னாள். ஆனால் அப்பா எழுந்துவிட்டார். "நம்பர் எவ்வளவு சொன்னா?" என்றார். அவரும் சுவரிடம்தான் கேட்டார்.

"நேத்து தொண்ணூத்தி ஒண்ணு. விடிகாலைல எண்பத்தி எட்டுன்னா. கொஞ்சம்தானே குறைஞ்சிருக்குன்னு..."

"எண்பத்தி எட்டா? நடந்தா மூச்சு வாங்குதுன்னு ரெண்டு நாளா என்கிட்ட சொல்லிட்டிருக்கா!"

"என்கிட்ட சொல்லலையே."

"என்கிட்ட நம்பர் சொல்லலையே."

இப்போது இருவரும் சுவரை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மகள் என்ன செய்திருக்கிறாள் என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. தாங்கள் பேசாமல் இருந்ததால்தான் அவளால் அப்படிச் செய்ய முடிந்தது என்பதும் புரிந்தது. அப்பா ஓடினார். கருவிப் பையை எடுத்து வந்து, தாழ்ப்பாளுக்கு நேரே கதவை நெம்பினார். எத்தனை கட்டடங்களில் நடுவழியில் நின்ற லிஃப்ட்டுக் கதவுகளைத் திறந்து ஆட்களை வெளியே எடுத்தவர், அந்த மலிவுப் பலகைக் கதவோடு மல்லுக்கட்டினார். பின்னாலிருந்து அம்மா, "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தந்தி கட்டில் ஓரத்தில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து நீலம் பாரித்திருந்தது. இருவரும் ஒன்றாக உள்ளே வருவதைப் பார்த்தும் அவளுக்கு ஆச்சரியப்படத் தெம்பு இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்துக்கொண்டு, "அம்மா... அப்பாவை... மாஸ்க் போடச் சொல்லு" என்றாள்.

அம்மா திரும்பி, "மாஸ்க் போடுங்க" என்றாள். அவர் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர் அப்பாவுக்குப் பழக்கம். அவரைப் பிடித்து, அங்கே இங்கே சொல்லி, ஒரு கட்டில் காலியாகும் என்று தெரிந்துகொண்டு ஆம்புலன்ஸை வரவழைப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத ஆள் அந்தத் தெருவில் இல்லை. நாற்காலியில் மகளை உட்காரவைத்து, ஆம்புலன்ஸ்காரர் முன்காலைப் பிடிக்க, அப்பா முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டார். அம்மா முன்னால் பின்பக்கமாக இறங்கியபடியே வழி சொன்னாள். "படி." "படி" என்றார் அப்பா. "திருப்பம்." "திருப்பம்." மேலே நிற்கிற ஆள் சொன்னதைக் கீழே நிற்கிற ஆள் திருப்பிச் சொன்னால்தான் லிஃப்ட்டை அசைக்கலாம் என்பது அவர் தொழிலில் உள்ள வழக்கம். அவரை அறியாமல் அது வாயில் வந்தது. கதவுகளுக்குப் பின்னால் நின்று பார்த்த அக்கம்பக்கத்தார், அந்த இருவரும் பேசிக்கொள்வதை முதல்முறையாகக் கேட்டார்கள். கூட யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டி போய்விட்டது.

இருவருக்கும் நோய் தொற்றியிருந்தது, லேசாகத்தான். ருசியும் வாசனையும் போயின. வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. நடுவில் ஆள் இல்லாத வீடு என்னவோ போல் இருந்தது. தேவைக்குப் பேசினார்கள். "சாப்பாடு" என்பாள் அவள். "ம்" என்பார் அவர். 'ஏங்க' என்றும் 'இந்தா' என்றும் ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் இருவரும் ஒரு விநாடி தயங்கி, அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைப் பேசினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஒரு போன் வரும். முதல் நாள் வந்தபோது அவர் பால்கனியில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே வந்து, "நல்லா இருக்காளாம்" என்றார்.

"அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க" என்றாள் அம்மா. "நீங்க நடுவுல ஒண்ணும் சேர்க்க வேணாம். இந்த வீட்ல சேர்த்ததெல்லாம் போதும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம். ரெண்டு பக்க நுரையீரலும் பாதிச்சிருக்காம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதாம்" என்றார். அதிலிருந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம், வழக்கமில்லாத நேரத்தில் போன் வந்தது. டாக்டர் பேசவில்லை, வார்டு நர்ஸ். மூடிய உடைக்குள்ளிருந்து பேசியதால் குரல் அமுங்கியிருந்தது. "உங்க பொண்ணு மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடறாங்க. குப்புறப் படுத்தா ஆக்சிஜன் ஏறுது. ஆனா படுக்க மாட்டேங்கறாங்க, எழுந்து எழுந்து உக்கார்றாங்க. இப்படியே இருந்தா குழாய் போட்டு மெஷின்லதான் வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். மெஷின்ல போட்டா அப்புறம்..." என்று இழுத்துவிட்டு, "போனைக் காதுகிட்ட வைக்கிறேன். அவங்களால பேச முடியாது, கேக்க முடியும். நீங்க பேசுங்க" என்றாள்.

சோபாவின் நடுவில் போனை வைத்துக்கொண்டு இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். போனிலிருந்து காற்று சீறும் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு மூச்சு, இழுத்து இழுத்து.

"கண்ணு, சாப்டியா?" என்றாள் அம்மா. கேட்ட பிறகுதான் அபத்தம் உறைத்தது. "தைரியமா இரும்மா" என்றார் அப்பா. "சொன்னபடி கேளு. குப்புறப் படு." "மாஸ்க்கைக் கழட்டாதே." அவ்வளவுதான். இருந்த சொற்களெல்லாம் தீர்ந்துவிட்டன. சீறல் மட்டும் கேட்டது. கட்டில் கிறீச்சிடுவதும், "எழுந்திருக்காதீங்கம்மா, படுங்க" என்று நர்ஸ் சொல்வதும் கேட்டது. அம்மா போனை நோக்கிக் குனிந்தாள். "அப்பாகிட்ட சொல்லு, ஏதாவது பேசச் சொல்லி..." என்று பதற்றத்தில் ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். கண்ணில் நீர் முட்டியது. அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, என்ன இப்படி மரம் மாதிரி உக்காந்திருக்கீங்க? பேசுங்களேன்."

"என்ன பேசறது? நீ பேசேன். பேசாம இருந்தது நீதானே?"

"நானா? யாரு வாயை மூடுன்னு சொன்னது? உங்கக்கா முன்னாடி, அவங்க வீட்டுக்காரர் முன்னாடி, சின்னப் பிள்ளைங்க முன்னாடி. 'உனக்கு ஒரு எழவும் தெரியாது, வாயை மூடு'ன்னீங்க. மூடிட்டேன்."

அப்பா வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். "நான் அப்படியா சொன்னேன்?"

"நினைவே இல்லையா!"

"சத்தியமா இல்ல. எதுக்கு நீ பேசறதில்லன்னே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன்."

"வாய் இருக்குல்ல, கேட்டிருக்கலாம்ல?"

"கேக்காம என்ன? அம்மாவுக்கு என்ன கோபம்னு கேட்டுட்டு வான்னு இவளைத்தான் அனுப்பினேன். திரும்பி வந்து, ஒண்ணும் இல்லையாம்பான்னு—"

அம்மாவின் கை சட்டென்று நீண்டு அவர் வாயைப் பொத்தியது. 'அவருக்கே தெரியும்னு போய்ச் சொல்லு' என்று அன்றைக்கு அவள் மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அது வழியில் எப்படி மாறியது, எந்தப் பிஞ்சுக் கையால் மாறியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்தது. போனில் அந்த மூச்சு காத்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. இருவரும் போனைப் பார்த்தார்கள். பிறகு அம்மா கையை எடுத்து, அவள் காதில் விழ வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

"அது கெடக்கட்டும். காலைல சோறு அடிப்பிடிச்சுதே, ஹால்லதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

அவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு பிடித்துக்கொண்டார். "எனக்கு மட்டும் வாசனை தெரியுதா? ரெண்டு பேருக்கும்தானே மூக்கு செத்துப்போச்சு."

"புகை வந்துதுல்ல? கண்ணுமா அவிஞ்சுபோச்சு?"

"வந்து எட்டிப் பார்த்தா முறைப்பியேன்னு பேசாம இருந்துட்டேன்."

"நல்லா இருந்தீங்க! பானை கரிக்கட்டையாப் போச்சு. அதை இப்ப எவன் தேய்க்கிறது?"

"நான் தேய்க்கிறேன்."

"நீங்க தேய்ச்சுக் கிழிச்சது எனக்குத் தெரியாதா? போன மாசம் தேய்ச்ச வாணலிய இவதான் திரும்பத் தேய்ச்சா, உங்ககிட்ட சொல்லல."

போனில் நர்ஸின் குரல் வந்தது. "ஹலோ... படுத்துட்டாங்க. குப்புறப் படுத்திருக்காங்க. கொஞ்சம் ஏறுது. நிறுத்தாதீங்க, அப்படியே பேசிட்டே இருங்க."

போனில் சார்ஜ் குறைந்து சிவப்பு காட்டியது. அப்பா பேசிக்கொண்டே அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு பிளக் பாயின்ட் பக்கம் போனார். ஒயர் குட்டை, பாயின்ட்டோ ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், சுவரின் அடியில் இருந்தது. போனைத் தரையில் வைத்து, சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துகொண்டார். அம்மாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாணலியிலிருந்து பேச்சு ஈரத்துண்டுக்குப் போனது, அங்கிருந்து மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து அவருடைய பைக்குக்கு. அவள் குற்றம் சொன்னாள், அவர் மறுத்தார், அவர் தேங்கி நிற்கும் இடத்தில் அவள் எடுத்துக் கொடுத்தாள். நடுவில் ஒருவர் மூச்சு வாங்கினால் மற்றவர் தொடர்ந்தார். சீறல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் போய் ஹால் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழுந்தால் பேச்சு விட்டுப்போகுமே என்று இருவரும் எழுந்திருக்கவில்லை.